எடுத்த நஞ்சை எங்கை வைப்பியள்?

ரொம்ப நாளா பதிவு போடல. தீசிஸ்காரன் பொழப்பு, மன்னிச்சுக்குங்க மக்களே :-)

போன ஞாயிறு ரூ பஜோல் போயிருந்தேன். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்க ஒரு கடையில நுழைஞ்சேன். கல்லாவில இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை, "தம்பி என்ன படிக்கிறியள்?"னு கேட்டார். கழிவுத்தண்ணியில இருந்து குரோமியம், ஈயம், கதிரியக்கச் சீசியம் எல்லாம் பிரிக்கிற படிப்புன்னேன்.

"அப்ப எடுத்த நஞ்சை எங்கை வைப்பியள்?"

மூணு வருஷத்துல என் கைடுகூட கேக்காத கேள்வி!

சாதாரண சாக்கடை அழுக்கை பாக்டீரியா தின்னு தீர்த்துடும். உலோகம் தனிமம், அழியாது. இடம் மாத்தத்தான் முடியும். நான் ராணிப்பேட்டைக்காரன். மூடிப்போன குரோமேட் ஆலைக் குப்பையில இருந்து கசிஞ்ச குரோமியம் அங்க நிலத்தடி நீரையே மஞ்சளாக்கிச்சு. அன்னபேதி போட்டா அதோட விஷத்தன்மை குறையும், சுண்ணாம்பு சேர்த்தா சேறா அடியில படியும். சீசியத்துக்கு பிரஷ்யன் நீலம், ஜியோலைட். ஃபுகுஷிமாவுல 62 வகைக் கதிரியக்க அணுக்களை எடுக்க ஏற்பாடு இருக்கு. டிரிட்டியம் மட்டும் தண்ணியாவே இருக்கறதால சிக்காது. நல்லா நீர்க்க வெச்சு 2023 ஆகஸ்ட்ல இருந்து கடல்ல விடறாங்க. சிக்கினதுக்குக் காவல் இருக்கணும். சீசியம் 137 பாதியாகவே 30 வருஷம் ஆகும். குரோமியத்துக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

பாரீஸ் மட்டும் யோக்கியமா? நூறு வருஷம் சாக்கடைத் தண்ணியை ஆஷேர், பியர்லே வயல்களுக்குப் பாய்ச்சி, மண்ணுல ஈயமும் காட்மியமும் ஏறி, 2000 வாக்குல அந்தக் காய்கறிக்கே தடை போட்டாங்க. இப்ப பியர்லேயில காடு வளர்க்கறாங்க.

எங்க ஊர்ல நடந்தது வேற. 2015 ஜனவரி 31 விடியக்காலை, சிப்காட்ல தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோட சேத்துத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து ஆலைக்குள்ள பாஞ்சுது. தூங்கிட்டிருந்த 10 தொழிலாளிங்க செத்துப்போனாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துல இருந்து வந்தவங்க. நான் அப்ப பள்ளிக்கூடம். ஊரே அதைத்தான் பேசிச்சு.

தண்ணியில இருந்து எடுத்து வெச்ச சேறுதான் அது.

என் தீசிஸ்ல "99 சதவீதம் நீக்கம்"னு பெருமையா ஒரு வரி இருக்கு. நீக்கினது எங்க போச்சுன்னு ஒரு வரி இல்ல.

அண்ணைகிட்ட, "பத்திரமா வைக்கணும் அண்ணை"ன்னு மென்னு முழுங்கிட்டு வந்துட்டேன். ராத்திரியே புதுசா ஒரு அத்தியாயம் ஆரம்பிச்சாச்சு: மெக்னீசியம் ஆக்சைடுல குரோமியத்தைப் படிய வெச்சு, கந்தக அமிலத்துல கரைச்சு, திரும்பவும் தோல் பதனிடவே அனுப்பற வழி. புதுசில்ல, நம்மூர்லயே செய்யறதுதான். சேறு குறையும்ல?

உங்க ஊர்ல எங்க கொட்டறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.