ஒன்பதுக்குப் பதினாலு

ஒன்பது வெள்ளிக்குப் பதினாலு ரூபாய். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதற்கு முன்பே எனக்கு இது பாடம். பதினெட்டுக்கு இருபத்தெட்டு, நாற்பத்தைந்துக்கு எழுபது. நடுவில் விழும் தொகைகளுக்குத்தான் அணாவும் பையும் வந்து இடைஞ்சல் செய்யும். அதனாலேயே எங்கள் தோட்டத்தில் விவரம் தெரிந்த கிழவர்கள் ஊருக்கு அனுப்ப வேண்டிய காசை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து முடிந்து வைப்பார்கள்.

சூரியன் கிழக்கே உதிப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும் என்று நினைத்திருந்தோம். காரணம் லண்டனில் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. 1906-ல் ஸ்ட்ரெயிட்ஸ் டாலரை, அதாவது எங்கள் வெள்ளியை, 2 ஷில்லிங் 4 பென்சில் கட்டிப்போட்டார்கள். 1927-ல் இந்திய ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்சில் நிறுத்தினார்கள். ஒன்று 28 பென்ஸ், மற்றது 18 பென்ஸ். வகுத்துப் பார்த்தால் ஒன்பதுக்குப் பதினாலு. 1949-ல் இங்கிலாந்து பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது வெள்ளியும் ரூபாயும் அதன் கூடவே இறங்கின. ஆகவே இரண்டுக்கும் நடுவே இருந்த கணக்கு அசையவில்லை. அணா ஒழிந்து நயா பைசா வந்தது, மலாயாவுக்கு மெர்டேக்கா வந்தது, பதினாலு பதினாலாகவே இருந்தது. ரேட் என்ன என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா உலு கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. சம்பளம் போட்ட வாரக் கடைசியில் லயத்து ஆட்கள் வந்து அவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, யாருக்குப் போகவேண்டும், என்ன எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அம்பாங்கிலிருந்து பஸ் பிடிப்பார். சில தடவை என்னையும் கூட்டிப்போவார். போகிற இடம் லெபோ அம்பாங், எங்கள் வாயில் செட்டியார் தெரு. மஸ்ஜிட் ஜாமெக்குக்குக் கூப்பிடு தூரம்.

தபால் ஆபீசில் மணியார்டர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பாரம் ஆங்கிலத்தில், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கல்லல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. செட்டியார் கிட்டங்கியில் கல்லல் என்றால், “தெற்கு வீதியா, கம்மாக்கரையா?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். மேசை நாற்காலி கிடையாது. பாய் விரித்து, அதன்மேல் சரிந்த மூடி போட்ட மரப்பெட்டி; ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும், ஒருவர் வியாபாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. ஏஜெண்டு, அவருக்கு அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். எல்லோரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷக் கணக்குக்கு வந்தவர்கள். சுவரில் தண்டாயுதபாணி. பின்கட்டில் பொதுச் சமையல். உச்சிப்பொழுதில் போனால் வெங்காயம் வதங்கும் வாசனையில் எனக்குக் கணக்கே மறந்துபோகும். பெட்டியடிப் பையனுக்கு என்னைவிடச் சில வயதுதான் அதிகம் இருக்கும். ஊருக்குப் போகும் மாதத்தை அவன் எப்போதும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பான்.

அப்பா காசைக் கொடுப்பார். அடுத்தாள் பேரேட்டில் பதிவார். ஊரில் இருக்கும் அவர்கள் கடைக்கு ஒரு கடிதம் போகும்: இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும். அங்கிருந்து ஓர் ஆள் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டுக் கைநாட்டு வாங்கிக்கொள்வார். நூற்றுக்கு இவ்வளவு என்று பிடித்தம் உண்டு, அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. காசு கொண்டுபோனவரே, கிழவிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, கூரை பிரிந்து கிடக்கிறது என்று பார்த்ததையும் எழுதுவார். எங்கள் தோட்டத்துப் பாதி ஊர்ச்செய்தி பணம் போய்ச் சேர்ந்த ரசீதோடு வந்ததுதான்.

இதில் எனக்கு இப்போதும் வியப்பாக இருப்பது ஒன்று. இவ்வளவு நடந்தும் காசு கடலைத் தாண்டவே இல்லை. செட்டிநாட்டில் திரட்டிய முதலை இங்கே கொண்டுவந்து ஈயச் சுரங்கத் தவுக்கேக்களுக்கும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் அரசாங்கக் கிளார்க்குகளுக்கும் கடன் கொடுப்பது செட்டியார்கள் தொழில். அவர்களுக்குப் பணம் இந்தப் பக்கம் வரவேண்டும். பால்வெட்டுக்காரனுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும். இவன் கொடுத்த வெள்ளி இங்கேயே வட்டிக்குப் போனது. அங்கே கிடந்த ரூபாய் அங்கேயே இவன் அம்மா கைக்குப் போனது. உண்டியல் என்று இன்றைக்குப் போலீஸ் தேடும் ஏற்பாடு, அன்றைக்குத் திருநீறு பூசிக்கொண்டு பட்டப்பகலில் நடந்தது.

அதற்காகச் செட்டியார் தெருவைப் புண்ணியத் தலமாக்கிவிட நான் தயாராக இல்லை. அங்கே பத்திரத்தை அடகு வைத்துவிட்டு நிலத்தை மீட்க முடியாமல் போனவர்கள் ஏராளம். அப்பாவே சொல்வார்: “அனுப்புறதுக்கு அவுககிட்ட போ. வாங்குறதுக்குப் போகாதே.”

ஜப்பான்காரன் காலம் எனக்குத் தெரியாது, அப்பா சொல்லித்தான் தெரியும். 1941 டிசம்பரோடு கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. ஊரில் இருந்தவர்கள் இவரைச் செத்துப்போனவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு மூட்டை மூட்டையாக வந்தது. போருக்கு முந்தின கடனையெல்லாம் ஆட்கள் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொட்டி அடைத்தார்கள். 1945-ல் அது வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டார்கள். செட்டியார் தெருவில் பலர் எழுந்திருக்க முடியாமல் போனது அப்போதுதான். ஆனால் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் அப்பா அதே கூடத்துக்குப் போய், அதே ஒன்பதுக்குப் பதினாலில், நாலு வருஷ இடைவெளியே இல்லாத மாதிரி அனுப்பியிருக்கிறார்.

எங்களைப் போலவே கணக்குப் பார்த்தவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள். இலங்கை ரூபாயும் அதே 1 ஷில்லிங் 6 பென்ஸ்தான். அவர்கள் அனுப்பியது மணியோடர். அதை நம்பி யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகக் கல்வீடுகள் எழுந்தன. ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை அங்கே மலாயன் பென்சனியர் என்பார்கள். அந்தப் பட்டத்துக்குச் சீதனச் சந்தையில்கூட மதிப்பு இருந்ததாம்.

1966 ஜூன் 6 அன்று கணக்கு உடைந்தது. இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலருக்கு 4.76 என்று இருந்தது ஒரே இரவில் 7.50 ஆனது. ஒன்பது வெள்ளிக்கு இருபத்திரண்டு ரூபாய். அந்த மாதமும் அப்பா வழக்கம்போல அத்தைக்கு 45 வெள்ளி அனுப்பினார். 70 ரூபாய் வாங்கிப் பழகிய கையில் 110 ரூபாய் விழுந்திருக்கிறது. அத்தை பயந்துபோய், பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எழுதச் சொன்ன கடிதம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சிரிப்புக்கு உதவியது: “தம்பி, சம்பளம் கூடியதா, இல்லை தோட்டத்தில் ஏதும் விற்றாயா?” அடுத்த கடிதத்தில் அரிசி விலை எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறு வருஷம் எங்கள் முறை. 1967 ஜூனில் பேங்க் நெகாரா புது நோட்டு வெளியிட்டது. பழைய நோட்டும் செல்லும், வெள்ளிக்கு வெள்ளி என்றார்கள். நவம்பரில் லண்டன் பவுண்டை இறக்கியது. பவுண்டோடு கட்டியிருந்த பழைய வெள்ளிக்கு இனி 85 காசுதான் என்று அறிவிப்பு வந்தது. பினாங்கில் கடையடைப்பு கலவரமாகி உயிர்ச்சேதம் வரை போனது. எங்கள் லயத்தில் பெரிய கூச்சல் இல்லை. தலையணைக்குள் பழைய நோட்டு வைத்திருந்த கிழவிகள் அதை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்கள், வெளியே எடுக்காதவரை குறையாது என்பதுபோல.

அதற்குப் பின் வந்ததுதான் பெரிய அனுப்புதல். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்கவேண்டும். பெர்மிட் கிடைக்காதவர்கள், கிடைக்குமா என்று காத்திருந்து அலுத்தவர்கள், 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு இனி இங்கே இருக்கவேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், எல்லோரும் கிளம்பினார்கள். அதுவரை மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிய காசு, இப்போது ஓர் ஆயுசு மொத்தமும் ஒரே நாளில் மாறியது. சேமநிதிப் பணத்தை எடுத்து, முடிந்ததை வளையலாக்கிக் கையில் போட்டுக்கொண்டு, தையல் மெஷினும் சைக்கிளுமாகப் போர்ட் சுவெட்டன்ஹாமில் ராஜூலா கப்பல் ஏறினார்கள். அப்பாவின் நோட்டில் இருந்த பெயர்கள் வரிசையாக அடிபட்டன. அனுப்புகிறவர்களே போய்விட்ட பிறகு கிராணி எதற்குச் செட்டியார் தெருவுக்குப் போகவேண்டும்? ராஜூலாவும் 1973-ல் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு கப்பல் கதை முடிந்தது.

வங்கிகள் வழியாகவும் ஒரு கண்ணி இருந்தது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். மலாயாவிலும் கிளைகள் வந்தன. 1969-ல் இந்திரா காந்தி வங்கிகளை அரசுடைமையாக்கினார். வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே நடக்கக்கூடாது என்று மலேசியச் சட்டம் சொன்னது. 1973-ல் இங்கிருந்த மூன்று இந்திய வங்கிகளின் கிளைகளும் யுனைடெட் ஏசியன் பேங்க் என்று ஒன்றாகி, பிறகு பேங்க் ஆஃப் காமர்சில் கரைந்து, இன்றைக்கு சி.ஐ.எம்.பி.க்குள் எங்கோ இருக்கின்றன. காரைக்குடியில் புறப்பட்ட ஒரு யோசனை அந்தச் சிவப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்று அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ரேட் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது 1997-ல். அந்த நடுவருஷம் ஒரு வெள்ளிக்கே 14 ரூபாய் கிடைத்தது. ஆறு மாதத்தில் அது 8 வரை சரிந்தது. 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று மகாதீர் கட்டிப்போட்ட பிறகு 11 ரூபாய் சொச்சத்தில் நின்றது. வெள்ளி சரிந்த அந்த ஆறு மாதமும் அத்தை பிள்ளைகளிடமிருந்து ட்ரங்க் கால். நலம் விசாரிக்கும் முன்பே, “வெள்ளி என்ன ஆச்சு மாமா?”

இன்றைக்கு வெள்ளி 20 ரூபாயைத் தாண்டிப் போகிறது. மஸ்ஜிட் இந்தியா தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கெரியும் பலகையில் எண்கள். ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வாழையிலைக் கடைகளில் வேலைக்கு வந்த பையன்கள் ஒரு கையில் பாஸ்போர்ட்டும் மறு கையில் போனுமாக நிற்கிறார்கள். “சர்வீஸ் சார்ஜ் இல்லண்ணே” என்று ஒரு கடை. இன்னொன்றில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. சார்ஜ் இல்லாத கடை அதை ரேட்டில் எடுத்துக்கொள்கிறது. 1,000 வெள்ளி அனுப்பினால் பத்து பைசா வித்தியாசம் 100 ரூபாய். அவ்வளவுதான் சூட்சுமம், பையன்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பணம் நிமிஷத்தில் அம்மா கணக்கில் விழுகிறது. கூரை பிரிந்து கிடப்பதை வீடியோவில் அம்மாவே காட்டிவிடுகிறாள். பழைய ஏற்பாட்டில் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்காகும், நடுவில் யாராவது செத்தும் போவார்கள். இதைவிட அது மேல் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு அனுப்பிய என் ஆட்கள்தான் இப்போது இல்லை.

நான் அனுப்புவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. அத்தை இல்லை. அவள் பேரன் காரைக்குடியில் என்னைவிட வசதி. அவன் மகள் இப்போது இங்கே சுபாங் ஜெயாவில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அம்பாங் எல்.ஆர்.டி. பிடித்துச் சாப்பிட வருவாள். அவள் ஃபீசுக்குப் பணம் அங்கிருந்து இங்கே வருகிறது: பேன் கார்டு, ஏ2 பாரம், காலேஜ் கடிதம், வங்கியில் அரை நாள். போன வாரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள்.

“தாத்தா, வெள்ளி இறங்குமா? அப்பா அடுத்த செமஸ்டர் பணத்தைக் கட்டாம வெயிட் பண்றாரு.”

இந்த வீட்டில் இதுவரை எல்லோரும் வெள்ளி ஏறவேண்டும் என்றுதான் சாமி கும்பிட்டிருக்கிறோம். தெரியலையே கண்ணு, பார்த்துச் சொல்றேன் என்றேன். அவள் அதற்குள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பைசா ஏறிருச்சு” என்று முகம் சுளித்தாள்.