வாசலில் ஒரு சட்டம், மன்றத்தில் ஒரு சட்டம்

புதிய தேசமொன்றில் குடியேறுகிறவன் அந்தத் தேசத்தின் குளிரை முதல் மாரியிலும், அதன் வீதிகளை முதல் வருஷத்திலும் அறிந்துகொண்டுவிடுகிறான்; அதன் சட்டத்தையோ, ஏதேனும் ஓர் அவசியம் வந்து நெருக்கும் வரையில், அநேகமாக அறிய முற்படுவதே இல்லை. கனடாவில், விசேஷமாக ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வாழும் எம் ஜனங்களிடையே, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிப் பேசுவதும், அவர்களுக்காகப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும், பாடசாலைக் கூட்டங்களுக்கும் விசாரணைகளுக்கும் துணையாகப் போய் அமர்வதும் பல ஆண்டுகளாக என் வாழ்க்கையின் ஒரு பாகமாகிவிட்டன. அந்த அனுபவத்தில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. குடிவரவு அதிகாரியின் முன் நிற்கும்போது ஒருவருடைய இயலாமை அரசாங்கத்துக்கு நேரக்கூடிய செலவுக் கணக்காக மதிக்கப்படுகிறது. உள்ளே வந்து பிரஜையானபின் அதே இயலாமை அவர் சமத்துவம் கோருவதற்கு ஆதாரமாகிறது. முதலாவது சட்டத்தின் முன் மறைக்கக் கற்றுக்கொண்ட குடும்பம், இரண்டாவது சட்டத்தின் முன் வந்து, இதோ எங்கள் பிள்ளை, இவனுக்கு இன்னது வேண்டும் என்று சொல்ல இலகுவில் துணிவதில்லை.

இரண்டாவது சட்டத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1980 ஆம் ஆண்டின் இறுதியில், புதிய அரசியலமைப்பின் அங்கமாக விளங்கவிருந்த உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் நகல் ஒட்டாவாவில் பாராளுமன்றக் கூட்டுக்குழுவின் பரிசீலனையில் இருந்தபோது, சமத்துவத்தைப் பற்றிய பிரிவில் இனம், நிறம், சமயம், வயது, பால் ஆகியவை இடம்பெற்றிருந்தனவே தவிர, உடலிலோ உள்ளத்திலோ உள்ள இயலாமை இடம்பெறவில்லை. அந்த விடுபாட்டைச் சுட்டிக்காட்டி நாட்டின் பல திசைகளிலிருந்தும் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் கிளர்ந்தன; பார்வையற்றவரும் சட்டம் பயின்ற இளைஞருமான டேவிட் லெபோவ்ஸ்கி குழுவின் முன் தோன்றி வாதித்தவர்களுள் ஒருவர். 1981 ஜனவரியில் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1982 இல் சாசனம் அமலுக்கு வந்தது. சமத்துவப் பிரிவு மாத்திரம் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 1985 ஏப்ரலில் உயிர்பெற்றது. இன்று இந்நாட்டின் மாற்றுத்திறனாளி ஒருவர் நீதிமன்றத்தின் படியேறும்போது அவர் கையில் இருக்கும் ஆயுதம், மேலிருந்து எவரும் மனமிரங்கி அளித்ததன்று. விடுபட்டவர்கள் தாமே வந்து நின்று கேட்டு வாங்கியது.

சமத்துவப் பிரிவின் அந்தச் சொற்களின் முழு அர்த்தத்தையும் வெளிப்படுத்திய வழக்கென்று நான் கருதுவது, 1997 அக்டோபரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்த்த எல்ட்ரிட்ஜ் வழக்கையே. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரொபின் எல்ட்ரிட்ஜ் என்ற பெண்மணியும், ஜோன் வொரன், லிண்டா வொரன் என்ற தம்பதியும் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர்கள். வைத்தியசாலையில் சைகைமொழி பெயர்ப்பாளரை வைத்துத்தர மாகாண அரசாங்கம் பணம் ஒதுக்கவில்லை. அதுவரையில் அச்சேவையை இலவசமாக நடத்திவந்த தர்ம ஸ்தாபனமும் கைப்பொருள் போதாமல் 1990 இல் அதனை நிறுத்திவிட்டது. லிண்டா வொரன் உரிய காலத்துக்கு முன்பே இரட்டைக் குழந்தைகளைப் பிரசவிக்க நேர்ந்தபோது அருகில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. ஒரு சிசுவின் இருதயத் துடிப்புக் குறைந்துவிட்டதென்பதைத் தாதி கைச்சாடையால் உணர்த்தினாள். பிறந்த மாத்திரத்தில் இரண்டு சிசுக்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவை நலமாக இருக்கின்றன என்று எழுதிய சிறு குறிப்பொன்றைத் தவிர, அந்தத் தாய்க்கு எவரும் எதனையும் விளக்கவில்லை.

மாகாண அரசாங்கத்தின் வாதம் மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு நியாயமாகவே தோன்றக்கூடியது. எல்லோருக்கும் ஒரே வைத்தியரை, ஒரே மருந்தை, ஒரே கட்டிலை அளிக்கிறோம், எவரையும் நாம் பேதப்படுத்தவில்லை, மொழிபெயர்ப்பு என்பது வைத்தியத்தின் பகுதியே அன்று என்றார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதனை ஏற்றுக்கொண்டன. உச்ச நீதிமன்றமோ ஏகமனதாக அதனை நிராகரித்தது. நோயாளியும் வைத்தியரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாதவிடத்து வைத்தியமே நிகழவில்லை என்றும், பலருக்குக் கிடைக்கும் நன்மையைச் சிலர் அடைய முடியாமற் போகும்போது அவர்களையும் அதனை அடையச் செய்யும் ஏற்பாடு சமத்துவத்தின் உள்ளடக்கமே என்றும் அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. மாகாணம் முழுவதற்கும் அந்தச் சேவைக்கு ஆகக்கூடிய செலவு வருஷத்துக்கு ஏறத்தாழ 1,50,000 டொலர். அது மாகாணத்தின் சுகாதார வரவு செலவில் 0.0025 சதவீதம் மாத்திரமே. இவ்வளவு சொற்பத் தொகையை மறுப்பதற்காக மூன்று நீதிமன்றங்களில் ஓர் அரசாங்கம் வாதாடியது என்பதை எப்போது நினைத்தாலும் என் மனம் கொதிக்கிறது.

அந்தப் பிரசவ அறையின் நிலைமையை எம்மவர்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தமிழ் மாத்திரம் அறிந்த தாய்மார், வைத்தியரின் உதடுகள் அசைவதையும் தாதியின் புருவம் சுருங்குவதையும் பார்த்தபடி, தம் உடம்பில் என்ன நடக்கிறதென்று அறியாமல் கட்டிலில் கிடந்த காலம் எங்கள் எல்லோருடைய குடும்ப நினைவிலும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை தாயின் கர்ப்பப்பை நோயைத் தாய்க்கே மொழிபெயர்த்துச் சொல்லும் சங்கடத்தை நான் நேரிலே கண்டிருக்கிறேன். ஆயினும் பாஷை தெரியாதவர் என்றேனும் ஒருநாள் பாஷையைக் கற்றுக்கொள்ளலாம். செவி இல்லாதவருக்கு அந்தக் கதியும் இல்லை. நாங்கள் தற்காலிகமாக அனுபவித்த தனிமையை ஆயுள் முழுவதும் அனுபவிக்கிறவர்களின் வழக்கை, மற்றெவரிலும் பார்க்க நாங்களே முதலில் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் வழக்காடி வென்றதன் பயனை நாங்கள் தினந்தோறும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாரிகாலத்தில் ரொறன்ரோ பஸ்ஸின் கண்ணாடிகள் ஆவிபடிந்தும் பனிபடிந்தும் வெளியே எதுவும் தெரியாமல் மூடிக்கிடக்க, ஊரிலிருந்து வந்து சில வாரங்களே ஆன முதியவர் ஒருவர் தாம் இறங்கவேண்டிய நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டு நிதானமாக எழுந்து இறங்குகிறார் என்றால், அந்த அறிவிப்பும் லெபோவ்ஸ்கி வழக்காடிப் பெற்றதே. கண்தெரியாத பிரயாணிக்கு ஒவ்வொரு நிறுத்தமும் அறிவிக்கப்படவேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் கேட்டும் பயனில்லாமற் போகவே, ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்திடம் முறையிட்டு, 2005 இல் நிலக்கீழ் ரயிலுக்கும் 2007 இல் பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் ஆக இரண்டு தடவை வென்றார். அந்த இரண்டு வழக்குகளிலும் அவரை எதிர்ப்பதற்காகப் போக்குவரத்து ஆணைக்குழு சட்டத்தரணிகளுக்குச் செலவிட்ட பொதுப்பணம் 4,50,000 டொலர். சாரதி வாய்திறந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனி வாசலுக்கு வருகிறேன். குடிவரவுச் சட்டத்தில் 38 ஆம் பிரிவென்று ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒருவருடைய உடல்நிலை இந்நாட்டின் சுகாதார, சமூக சேவைகளுக்கு மிகையான பாரமாகலாம் என்று வைத்தியப் பரிசோதனையில் கருதப்பட்டால், குடும்பம் முழுவதற்குமே நிரந்தர வதிவிடம் மறுக்கப்படலாம். தென்னாபிரிக்காவிலிருந்து விண்ணப்பித்த ஹிலெவிட்ஸ் குடும்பமும் நெதர்லாந்திலிருந்து விண்ணப்பித்த டி ஜோங் குடும்பமும், அறிவுவளர்ச்சி குறைந்த ஒரு பிள்ளையின் பொருட்டு அவ்வாறே மறுக்கப்பட்டு, 2005 இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. நோயின் பெயரை மாத்திரம் பார்த்துத் தீர்ப்பிடலாகாது, அந்தப் பிள்ளை இன்னார், அந்தக் குடும்பத்தின் நிலைமை இன்னது என்று தனித்தனியே ஆராயவேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ரோஸலி அபெல்லா. அவரே 1946 இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அகதி முகாமொன்றில் பிறந்து, நான்கு வயதில் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவர். போலந்தில் சட்டம் பயின்ற தந்தை, பிரஜாவுரிமை இல்லாத காரணத்தால் இங்கே தொழில் நடத்த முடியாமற் போனதைக் கண்டு தாம் சட்டத்தரணியாக வேண்டுமென்று உறுதிகொண்டவர். எழுத்துக்கள் மனதில் பதியாத டிஸ்லெக்ஸியா குறைபாடுள்ள மூர் என்ற மாணவனுக்குத் தக்க கல்வியை மறுத்தது பாரபட்சமே என்று 2012 இல் தீர்ப்பெழுதியவரும் அவரே. அந்த வழக்கில் தகப்பனார் முறைப்பாடு செய்தது 1997 இல். தீர்ப்பு வந்தபோது பையன் வளர்ந்து ஆளாகிவிட்டான்.

ஹிலெவிட்ஸ் தீர்ப்பின் பயனோ, செலவைத் தாமே ஏற்கும் வசதியுள்ள குடும்பங்களுக்கே பெரிதும் கிட்டியது. பாராளுமன்றக் குழுவொன்று 2017 இல் மிகையான பாரம் என்ற அந்த வாசகத்தையே நீக்கிவிடும்படி சிபாரிசு செய்தது. அரசாங்கம் 2018 இல் மிகையெனக் கருதப்படும் செலவின் எல்லையை ஏறத்தாழ மூன்று மடங்காக, வருஷத்துக்கு 20,000 டொலர் அளவுக்கு உயர்த்தி, விசேட கல்வி முதலிய சேவைகளைக் கணக்கிலிருந்து விலக்கியதோடு நின்றுவிட்டது. அகதிகளும், துணைவரோ பெற்றோரோ பொறுப்பேற்று அழைக்கும் மனைவி, கணவர், பிள்ளைகளும் 2002 இலிருந்தே இந்த விதிக்கு உட்பட்டவர்கள் அல்லர். ஆனால் விலக்குகள் செய்தியாக எங்களிடையே பரவவில்லை. பயம் மாத்திரம் பரவியிருக்கிறது.

அந்தப் பயத்தின் குரலை நான் எத்தனையோ வீடுகளிற் கேட்டிருக்கிறேன். இந்நாட்டிலேயே பிறந்த, ஓட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனின் தாய் ஒருமுறை என்னிடம், "தம்பி, பிள்ளையின்ர பேரைப் பதிஞ்சால் பிறகு ஊரிலை இருக்கிற அம்மாவைக் கூப்பிடேலாமல் போகும் எண்டு சொல்லுகினம். எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்" என்றார். ஊரில் நடந்த யுத்தத்தில் காலிழந்த தம் சகோதரனைப் பற்றியும் அவர் வெளியே பேசுவதில்லை. ஊரிலே வீட்டின் பின்னறையில் மறைத்துவைக்கும் வழக்கம் ஒருபுறமும், இங்கே குடிவரவுப் படிவத்தின் அச்சம் மறுபுறமும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் மேற் கவிந்திருந்தன. கனடாவிற் பிறந்த பேரனின் வைத்திய நிர்ணயத்துக்கும் பாட்டியாரின் விண்ணப்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அரசாங்க உதவிப்பணம் பெறுகிறவர் உறவினரைப் பொறுப்பேற்று அழைக்கலாகாது என்ற விதியிற்கூட, இயலாமையின் பொருட்டுப் பெறுகிறவருக்கு, எம்மவர் ஓடிஎஸ்பி என்று சொல்லும் அந்தப் பணத்தைப் பெறுகிறவருக்கு, விலக்களிக்கப்பட்டிருக்கிறது; பெற்றோரை அழைப்பதற்கான வருமான நிபந்தனை வேறு விஷயம். இதனைப் பலமுறை எடுத்துச் சொன்னபிறகும் அவர் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை.

அந்தக் குடும்பத்தின் மனத்தை மாற்றியது என் பேச்சன்று. பாடசாலையில் அதுவரை அதிபராக இருந்தவர் கருணையுள்ளவர்; அந்தப் பையனுக்கு அமைதியான ஓர் அறையையும் உதவிக்கு ஓர் ஆசிரியையையும் தம் விருப்பத்தின் பேரில் ஒழுங்கு செய்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அறையும் போயிற்று, ஆசிரியையும் போனார். எழுத்தில் எதுவும் இல்லாதபடியால் புதியவரிடம் காட்டுவதற்கும் எதுவும் இல்லை. நல்லவரின் கருணையை நம்பி எழுத்தைக் கைவிடுகிற பெற்றோருக்கு நான் முதலிற் சொல்வது இதுதான்: ஒன்ராறியோவில் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், பிள்ளையின் விசேட தேவையை நிர்ணயிக்கும் குழுவின் முன் அதிபர் விஷயத்தை வைத்தே தீரவேண்டும், அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லலாம், முடிவு திருப்தியில்லையேல் மேன்முறையீடு செய்யலாம். அந்தத் தாயும் தகப்பனும் கடிதம் எழுதினார்கள். பையனுக்கு அறை திரும்பக் கிடைத்தது. ஆசிரியையின் நேரம் முன்னதிலும் குறைவாகவே கிடைத்தது. அதனைப் பற்றிய வழக்காடல் இன்னும் ஓயவில்லை.

உரிமைகளை நிலைநாட்டும் இந்த ஏற்பாட்டின் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. உரிமை மறுக்கப்பட்டவரே, ஒரு வருஷத்துக்குள், தாமே மனுவெழுதித் தீர்ப்பாயத்திடம் போகவேண்டும் என்பது இம்மாகாணத்தின் முறை. படியேற முடியாதவரிடம், முதலில் படியேறி வந்து முறையிடு என்று சொல்வதற்கு இது ஒப்பானது. அதனை மாற்றவே 2005 இல் ஒன்ராறியோ சட்டமன்றம், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டத்தை நிறைவேற்றி, 2025 ஜனவரி 1 ஆந் திகதிக்குள் மாகாணம் முழுவதும் அவர்கள் தடையின்றிப் புழங்கத்தக்கதாக வேண்டும் என்று இருபது ஆண்டு தவணை விதித்தது. அதன் நடைமுறையை ஆராய நியமிக்கப்பட்ட டேவிட் ஒன்லி, இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்டவர், இம்மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் பதவியை வகித்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கு இம்மாகாணம் இன்னமும் மனத்தை முறிக்கும் தடைகள் நிறைந்த இடமே என்று 2019 இல் வெளிப்படையாக எழுதினார். தவணை வந்தது, போயிற்று. சாய்தளமில்லாத கடைவாசல்கள் ஸ்காபரோவின் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கின்றன, அவற்றுட் பல எம்மவர் கடைகள்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு திசையினருக்கும் உரியது. எம் வர்த்தகர்கள், கோயில்கள், கலியாண மண்டபங்கள் ஆகியோர் எவரேனும் வழக்குப்போடும் வரை காத்திராமல் தம் வாசற்படிகளைத் திருத்தவேண்டும். மற்றையது பாராளுமன்றத்துக்கு. ஸ்காபரோவின் தொகுதிகளில் எம் வாக்குகளைப் பெறாமல் எவரும் இலகுவில் வெல்ல முடியாதென்ற நிலை இன்று இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு வேட்டி உடுத்து வந்து வணக்கம் சொல்லும் வேட்பாளர்களிடம், 38 ஆம் பிரிவிலுள்ள அந்த வாசகத்தை 2017 இல் உங்கள் சொந்தக் குழுவே நீக்கச் சொல்லியும் ஏன் நீக்கவில்லை, எந்த வருஷத்தில் நீக்குவீர்கள் என்று, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் அந்தப் பிள்ளைகளையும் உடன் அழைத்துவந்து, சபை நடுவே எழுந்து நின்று கேட்கவேண்டும்.