மச்சானும் பீடியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது வாத்தியார் சொன்னது இது. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் ழான் நிக்கோ. 1560 வாக்கில் புகையிலையை மருந்தென்று பிரெஞ்சு அரண்மனைக்கு அனுப்பினார். நிக்கோட்டின் என்ற பெயர் அவரால் வந்ததுதான்.

அந்த 'மருந்தை' விட இப்போது மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது!

மாகறலில் என் மச்சானுக்கு வயது 68. ஐம்பது வருஷப் பீடி. மூச்சு வாங்கியும் விடவில்லை. திட்டுவார் என்று டாக்டரிடம் வாயே திறக்கமாட்டார். சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது கடைத் தம்பிதான் பேச்செடுத்தார்.

"எழுந்ததும் எவ்வளவு நேரத்துல முதல் பீடி, ஐயா?"

"ஒரு மணி நேரம் ஆகும், தம்பி."

அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம் சூயிங்கம், டாக்டர் சீட்டு வேண்டும். இவருக்கு 2 மில்லிகிராம் போதும், சீட்டு வேண்டாம். மிட்டாய் போல மெல்லக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ கூடாது. இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதத்தில் மச்சான் இரண்டு முறை சறுக்கினார். தம்பி கோபிக்காமல் இன்னொரு அட்டை எடுத்துக் கொடுத்தார். கார்த்திகைக்குள் திருமாகறலீஸ்வரர் கோயில் பிராகாரத்தை நிற்காமல் சுற்றுவேன் என்கிறார் மச்சான். தினமும் சாயங்காலம் நானும் கூட நடக்கிறேன்.