வயலோரத்துக் கதிர்கள்

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது எங்கள் தந்தையார் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். இரண்டாவது மரக்காலிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். காவிரிப் படுகை உழவரிடையே பழகிப்போன வழக்கந்தான் இது. எங்கள் இல்லத்திலோ அந்த ‘லாபம்’ மூட்டைக்குள் போகாது. தனியே ஒரு கூடையில் கொட்டி, மேலே ஒரு கொத்துக் கதிர் வைத்து, வெள்ளைத் துணியால் மூடிவிடுவார். தை மாதக் கடைசி ஞாயிறு எங்கள் பங்கில் அறுவடை நன்றித் திருப்பலி. காணிக்கைப் பவனியில் அந்தக் கூடையைச் சுமப்பதற்காக உடன்பிறந்தோர் நாங்கள் நால்வரும் சண்டையிட்ட ஆண்டுகள் உண்டு.

தந்தையார் மறைந்த பின்னும் கூடை நிற்கவில்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டுகளிலும், அறுவடை வேளையில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து முளைவிட்ட ஆண்டிலும், கைக்கு வந்ததில் முதல் மரக்கால் ஆலயத்திற்கே சென்றது. கடவுளுக்கு நாங்கள் பாக்கி வைத்ததில்லை என்றோர் எண்ணம், உண்மையைச் சொன்னால் சற்றே பெருமிதம், எங்களுக்கு இருந்தது.

பிறகு எங்கள் வயலுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மேகம் திரண்டுவிட்டால் காத்திருக்கவும் இயலாது. எனவே அதில் எங்களுக்கு வருத்தமில்லை. முதன்முதலாக இயந்திரம் இறங்கிய அன்று, கையில் முறமும் கோணிப்பையுமாக வரப்பில் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். கைம்பெண், எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் கட்டுகளைத் தூக்கிய பின் வயலில் இறங்கிக் கதிர் பொறுக்குபவர். அரிவாள் அறுப்பில் கைதவறிச் சிதறும் கதிர்கள் அவருக்கு; அதற்கு அவர் எங்களிடம் அனுமதி கேட்டதில்லை, நாங்களும் கேட்கச் சொன்னதில்லை. இயந்திரம் கதிரை விட்டுவைப்பதில்லை. அது சிந்துவதும் உதிர்மணியாகச் சேற்றில் விழும். அதைப் பொறுக்கக் குருவிக்குத்தான் முடியும். அவர் சிறிது நேரம் பார்த்தார். பின்னர் முறத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிட்டார். நாங்கள் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு நன்றித் திருப்பலியில் லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. முதற்கதிர்க் கட்டைக் குருவிடம் கொண்டுவருதல், ஐம்பது நாள் கழித்துப் புதுத் தானியத்தைப் படைத்தல் ஆகியவை நாங்கள் அறிந்தவையே. கூடையும் பீடத்தின்முன் இருந்தது. ஆனால் 22ஆம் வசனத்தில், திருவிழாக்களையும் பலிகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆண்டவர் சட்டென்று வயலுக்குத் திரும்பிவிடுகிறார். ஓரம் வரை அறுக்கலாகாது, சிந்தியதைப் பொறுக்கலாகாது, அவை எளியவருக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறார். 19ஆம் அதிகாரத்தில் ஏற்கெனவே கூறிய சட்டந்தான். காணிக்கையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை மறுபடியும் சொல்கிறார். பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் அந்த மூதாட்டி அமர்ந்திருந்தார். எங்களால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மாலையில் ஒரு மரக்கால் நெல்லுடன் அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் வாங்கவில்லை.

“பொறுக்குனா அது எம் பாடு தம்பி. கையேந்தி வாங்குனா அது வேற.”

கோபமாகச் சொல்லவில்லை, மோர் கொடுத்துத்தான் அனுப்பினார். வழி நெடுக எங்களுக்குப் போவாசின் நினைவு. ரூத்துக்கு அவர் தானியத்தை அள்ளிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரோ கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போட்டுவிடும்படி வேலையாட்களிடம் சொன்னார். ரூத்து தானே பொறுக்கினாள், தானே தட்டிப் புடைத்தாள். அந்த நுணுக்கம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

வயலின் மூலைகளிலும் வரப்போரத்திலும் இயந்திரத்தின் வாய் எட்டாது. அங்கே ஆள் வைத்து அரிவாளால் அறுப்பதே வழக்கம். மறு ஆண்டு, அவற்றை அறுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எளிதில் எடுத்த முடிவன்று. மூலைக்கு மூலை விட்டால் ஒரு மூட்டைக்குமேல் போய்விடும் என்று எங்களில் ஒருவர் கணக்குப் போட்டார், கணக்கும் சரியானதே. உர விலையையும் இயந்திர வாடகையையும் சொல்லி இரண்டு இரவுகள் வாதாடினோம். இறுதியில் கதிர்கள் நின்றன. இயந்திர ஓட்டுநர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. நாங்களும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது வடகிழக்கு மூலை மொட்டையாக இருந்தது. அவரும் பேத்தியும் அடுத்த மூலையில் குனிந்திருந்தனர். நாங்கள் வரப்பு மாறி நடந்தோம்.

அந்தத் தைக் கடைசி ஞாயிறு, பவனியில் எங்கள் கூடைக்குப் பின்னால் அவர் வந்தார். கையில் ஒரு பித்தளைப் படி, அதில் தலைதட்டிய நெல். வீட்டில் அதை அளந்தபோது பாட்டியும் ‘லாபம்’ என்றுதான் எண்ணத் தொடங்கினார் என்று, பூசை முடிந்து வெளியே வருகையில் பேத்தி எங்களிடம் சொன்னாள்.