பட்டையில் உள்ள மருந்தும் அது செல்லும் வழியும்

பட்டிப்பூ இல்லாத யாழ்ப்பாணத்து முற்றம் குறைவு. தமிழ்நாட்டார் நித்தியகல்யாணி என்றழைக்கும் அச்செடியின் இலையிலிருந்து, நாம் தஞ்சமடைந்து வாழும் இந்தக் கனடாவிலேதான், 1958இல் நோபிள், பியர் என்னும் ஆய்வாளர்கள் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவுக்கு மருந்து தேடியவர்களுக்குப் புற்றுநோய்க்கான மருந்து கிடைத்தது. ஆனால், செடியில் மருந்து இருப்பது வேறு. அது உடலுக்குள் செல்லும் வழி வேறு.

எமது மாடிக்குடியிருப்பிலுள்ள மூதாட்டி ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். மொழிபெயர்ப்பதற்காக அவருடன் வைத்தியசாலை சென்றோம். "மரத்திலயிருந்துதானே இந்த மருந்து வருகுது, மாஸ்ரர்? பட்டையை அவிச்சுக் குடிச்சால் காணாதோ?" என்று கேட்டார். கலைப்பட்டதாரியாகிய நாம் விடை தேடிப் படிக்கவேண்டியதாயிற்று.

அம்மருந்து பக்லிற்றாக்செல். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர யூ மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்டு, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நீரில் கரைவதில்லை. குடித்தால் குடல் அதனைச் சரிவர உறிஞ்சுவதுமில்லை. யூ மரத்திலோ இதயத்தைத் தாக்கும் நஞ்சும் உண்டு. எனவே, ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய கரைப்பானிலும் மதுசாரத்திலும் மருந்தைக் கரைத்து நாளத்தில் ஏற்றினர். மருந்து நோயைத் தாக்க, கரைப்பான் நோயாளியைத் தாக்கியது. (சிறுவயதில் பேதிக்கு ஆமணக்கெண்ணெய் குடித்த எமக்கு இதில் வியப்பில்லை!) மூச்சுத்திணறல் போன்ற ஒவ்வாமை நேராதிருக்க, முன்கூட்டியே ஸ்ரீரொயிட் கொடுத்து, பெரும்பாலும் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகின்றனர்.

நனோத் தொழினுட்பம் உதவிக்கு வந்தது இங்கேதான். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். குருதியில் இயல்பாகவேயுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு பக்லிற்றாக்செலைப் பிணைத்து, ஏறத்தாழ 130 நனோமீற்றர் அளவுள்ள துணிக்கைகளாக்கினர். அந்தக் கரைப்பான் தேவையற்றுப் போயிற்று. 30 நிமிடங்களில் ஏற்றி முடிக்கலாம். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதன் பெயர் அப்ராக்சேன். மருந்து அதேதான், மாறியது வாகனம். முடி உதிர்வு நீங்கவில்லை. கைகால் விறைப்பு முன்னையதிலும் கூடுதலாகவே காணப்பட்டது.

இப்போது 'நனோ மஞ்சள்' என்ற பெயரிலும் மாத்திரைகள் விற்பனையாகின்றன. கனடாவில் அவை புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றவையல்ல. சில மூலிகைகள் ஈரலில் மருந்து சிதையும் வேகத்தையே மாற்றிவிடும். இருந்தும், ஏச்சு விழும் என்றஞ்சி, குடிக்கும் கசாயத்தை வைத்தியரிடம் மறைப்போர் எம்மிடையே பலர். அதன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாவிட்டால் போத்தலையே கையோடு கொண்டு செல்லலாம்.