சும்மா இருந்தவர்கள்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன பள்ளி ஆசிரியர்களில் நானும் ஒருவன். எனக்கு ஒதுக்கிய பகுதியில் பல பெண்களைப் பற்றி அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. என் வாயிலும் காதிலும் ஊறிப்போன ஒரு பேச்சுதான் எழுத வைத்தது.

சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர்களின் தெருக்கள் அவை. 'கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தாரா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. மனைவியின் முறை வரும்போது வாசலில் நிற்கும் கணவர் சொல்வார்: "அவ சும்மாதானுங்க சார் வூட்டுல இருக்கறா." நான் 'இல்லை' என்று குறித்துவிட்டு, வீட்டு வேலைக்குரிய 2 என்ற எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன்.

அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ராட்டை ஓடும் சத்தம் கேட்கும். அந்தம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தத் தார்தான் நாடாவுக்குள் போகிறது. அது தீர்ந்தால் தறி நிற்கும். குழியில் கால் விட்டு மிதிக்கிறவரை நான் தொழிலாளி என்று எழுதினேன். அவருக்கு நூல் தீராமல் பார்த்துக்கொண்டவரை வேலை செய்யாதவர் என்று எழுதினேன். தோட்டத்து வீடுகளிலும் இதேதான். விடியும் முன்னே கட்டுத்தரையில் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர் பெண். பால் அட்டை மட்டும் கணவர் பெயரில் இருக்கும். அங்கேயும் 2 போட்டேன்.

விதி தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கூலி வாங்காமல் குடும்பத்து நிலத்திலோ தொழிலிலோ உழைப்பதும் வேலைதான், பெண்கள் விஷயத்தில் துருவிக் கேளுங்கள் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். இன்னொன்றைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதற்கு முந்தைய ஜூலையில், விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்திருந்ததை அதில் கடுமையாகக் கண்டித்திருந்தார்கள். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவன் நான். "என்ன அநியாயம் பாருங்க" என்று கோபப்பட்டவனும் நான்தான். சில மாதங்கள் கழித்து, படிவமும் பேனாவும் என் கைக்கு வந்தபோது, ராட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன்? என் வீட்டிலும் அந்தப் பேச்சுதான். "வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும், "ஒண்ணும் பண்ணல, வீட்டுலதான் இருக்காங்க" என்பேன். எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தது வேறொரு பள்ளி ஆசிரியர். அவரிடமும் அதையே சொன்னேன். அந்த வருஷம் மகளின் விடுதிக் கட்டணத்தில் பாதி, என் மனைவி அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துச் சேர்த்த பணம். அவள் அப்போது அடுத்த அறையில் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். வந்தவர் அவளைக் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவேன்? அவளைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லையே. அவள் செய்வது வேலை என்று என் மனதில் பதிந்திருந்தால் என் நாக்கு அப்படிச் சொல்லியிருக்காது. நாக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததால் மனதிலும் பதியவில்லை.

நாடு முழுக்க எடுத்த 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். தார் சுற்றுவதும் ஜாக்கெட் தைப்பதும் இந்த ஐந்து மணி நேரத்துக்கு வெளியே.

நான் எழுதிய படிவங்களைத் திருத்த இனி வழியில்லை. 2027 கணக்கெடுப்புக்குப் போகவிருக்கும் இளம் ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். வாசலில் நிற்கிற ஆண் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், அந்தம்மாவையே கூப்பிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள் என்கிறேன். "அதுக்கெல்லாம் நேரம் இருக்காதுங்க சார்" என்றார் ஒருவர். எனக்கு நேரம் இருந்தது.