விடுபட்ட ஒரு வரி

எங்கள் வீட்டுக் கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, கண்ணாடி பதித்த சிறிய மரப்பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. அதனுள்ளே வெல்வெட் துணியின்மேல் நான்கு பதக்கங்கள். 1965ஆம் ஆண்டுப் போரையொட்டிய ரக்ஷா பதக்கம். 1971ஆம் ஆண்டுப் போரையொட்டிய சங்கிராம் பதக்கம். 1972 ஆகஸ்டு 15 அன்று படைப்பணியில் இருந்தோர்க்கு அளிக்கப்பட்ட விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம். ஒன்பது ஆண்டு நெடும்பணிப் பதக்கம். நான்கும் எங்கள் தந்தையாருடையவை. வரிசையின் தொடக்கத்தில் ஐந்தாவது ஒன்றிற்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. பெட்டியைச் செய்த தச்சரிடம் அப்பாவே அளவு சொல்லி அப்படிச் செய்வித்தார்.

ஆகஸ்டு 15 நமக்கு இரட்டைத் திருநாள். அன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்திலேயே கொடியேற்றுவார்கள். அன்று காலை அப்பா பதக்கங்களை எடுத்துத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொள்வார். துடைத்து முடித்த துணியால் அந்த வெற்றிடத்தையும் ஒருமுறை துடைப்பார். சிறுவர்களாகிய நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு.

அந்த இடத்துக்குரியது பூர்வி ஸ்டார் என்னும் ஐந்து முனை நட்சத்திரம். 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்குக் களத்தில் பணியாற்றியவர்களுக்கு உரியது. மேற்குக் களத்தில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று வேறொன்று உண்டு. வீரச் செயலுக்கான விருதல்ல இது. அந்த நாட்களில் அந்த மண்ணில் நின்றாய் என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதனால் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாயும் கூடாது.

சீனப் போருக்குப் பின் படையைப் பெருக்கிய காலத்தில், 1963இல், பத்தொன்பது வயதில் அப்பா சேர்ந்தார். வண்டியோட்டியாகத் தொடங்கி, 1980இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றுத் திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூருக்குத் திரும்பினார். மழைக்கால இரவுகளில் எங்களுக்கு அவர் சொல்லும் கதை ஒன்றே ஒன்றுதான். 1971 டிசம்பர். பாலம் கட்டும் சாமான்களை ஏற்றிக்கொண்டு, விளக்கு எரியவிடாமல், வங்காளத்து ஆற்றங்கரை நோக்கி வண்டி ஓட்டிச் செல்கிறார். விடியும் முன் ஒரு குடிசையருகே வண்டி சேற்றில் இறங்கிவிடுகிறது. உள்ளிருந்து ஒரு மூதாட்டி முறத்தில் பொரி கொண்டுவந்து நீட்டுகிறாள். இவருக்கு அவள் மொழி தெரியாது. அவள் இவர் தலையில் கைவைத்து ஏதோ சொல்கிறாள். “பிறகு என்ன ஆனது, அப்பா?” என்போம். “பிறகு சொல்கிறேன்” என்பார். ஒருநாளும் சொன்னதில்லை.

1994இல் ஒரு விண்ணப்பத்திற்காக அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் தேவைப்பட்டது. எங்களில் மூத்தவர் அதைப் புரட்டினார். பதக்கங்களுக்குரிய பக்கத்தில் நான்கே வரிகள். “கிழக்கே போனவர்களுக்கெல்லாம் நட்சத்திரம் உண்டாமே, அப்பா. உங்கள் புத்தகத்தில் இல்லையே. நீங்கள் அப்போது உண்மையிலேயே அங்கே இருந்தீர்களா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன்பின் வங்காளத்துக் கதையை அவர் சொன்னதே இல்லை. கேட்டவர் ஒருவர்தாம், ஆனால் கேட்காத மற்ற இருவரும் அதையே நினைத்தோம். அச்சிட்ட தாளை நம்பினோம்; பெற்றவரை நம்பவில்லை. இந்தக் குற்றத்தை நாங்கள் மூவரும் சேர்ந்தே சுமக்கிறோம். ஆகவேதான் இக்கட்டுரையையும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

2008இல் அப்பாவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கான சான்றுகளைத் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு கட்டு இருந்தது. 1982 தொடங்கி அவர் அனுப்பிய பதினான்கு விண்ணப்பங்களின் கார்பன் படிகள். பதிவுத் தபால் ரசீதுகள். வந்த இரண்டே பதில்கள். எல்லாம் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தவை. ‘மேற்கண்டவர் அக்களத்தில் பணியாற்றியதாக ஏடுகளில் பதிவு இல்லை’ என்பதே பதில்களின் சாரம். “உங்கள் அப்பா யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்” என்றார் அம்மா. நாங்கள் சந்தேகித்த ஆண்டுகளிலெல்லாம் அவர் தனியாக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிழை எங்கே நேர்ந்தது? படைவீரர் ஒருவரின் வாழ்வில் நேரும் ஒவ்வொன்றும், அதாவது இடமாற்றம், விடுப்பு, திருமணம், குழந்தைப் பிறப்பு, பதவி உயர்வு ஆகிய யாவும், அவருடைய பிரிவு வெளியிடும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையில் வெளிவரவேண்டும். அதைக் கொண்டுதான் ரெக்கார்டு அலுவலகம் அவருடைய ஏட்டில் பதிகிறது. ஆணையில் வராதது நடக்காததற்குச் சமம். 1971 நவம்பரில் அப்பாவைத் தற்காலிகமாக வேறொரு பிரிவோடு இணைத்துக் கிழக்கே அனுப்பினார்கள். அவருடைய தாய்ப்பிரிவோ நாட்டின் உட்பகுதியிலேயே இருந்தது. இவர் எங்களவர் அல்லர் என்று அந்தப் பிரிவு பட்டியலில் சேர்க்கவில்லை. இவர் இங்கே இல்லை என்று தாய்ப்பிரிவும் சேர்க்கவில்லை. இரண்டு பட்டியல்களுக்கு நடுவே ஒரு மனிதர் விழுந்துவிட்டார். எந்தப் பிரிவு என்று இங்கே நாங்கள் குறிப்பிடவில்லை. போர்க்காலத்து அவசரத்தில் எங்கோ ஓர் எழுத்தர் விட்ட ஒரு வரிக்காக யாரையும் குற்றஞ்சாட்டுவது எங்கள் நோக்கமன்று.

இது நம் நாட்டில் மட்டும் நேரும் குறையுமன்று. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஹென்றி ஜான்சன், 1918 மே மாதத்து இரவொன்றில், பிரான்சின் ஆர்கோன் காட்டில், தாக்க வந்த செர்மானியர் கூட்டத்தைத் துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் தடுத்து நின்று, காயமுற்ற தோழரைக் காத்தார். அவர் உடலில் இருபத்தொரு காயங்கள். பிரெஞ்சு அரசு பதக்கம் அளித்தது. ஆனால் அவருடைய சொந்த நாட்டுப் பணிவிடுப்புத் தாளில் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1929இல் அவர் இறந்தார். காயமுற்றோர்க்குரிய பதக்கம் 1996இலும், அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது 2015இலுமே அவர் பெயருக்கு வந்தன. அந்த இரவுக்கும் அந்த விருதுக்கும் இடையே 97 ஆண்டுகள்.

அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12 அன்று ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ, 1 கோடியே 60 லட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகளை அழித்துவிட்டது. பலருடைய பணி வரலாற்றை ஊதியப் பட்டியல்களிலிருந்தும் மருத்துவமனைக் குறிப்புகளிலிருந்தும் மீண்டும் கோக்கவேண்டியதாயிற்று. படை ஏடுகளின் பிழை திருத்தும் வாரியங்களுக்கு அங்கே 1946ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. பிழையை அறிந்த மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. எனினும் நீதியின் பொருட்டு அந்தக் காலவரையைத் தள்ளிவைக்கலாம் என்று அந்த விதியே சொல்லுகிறது. ஏடு தவறும் என்பதையும், தவறிய ஏட்டைவிட மனிதர் பெரியவர் என்பதையும் ஒரு சட்டம் ஒப்புக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கிறது.

2009இல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, அப்பாவின் ஏட்டின் நகலைக் கேட்டுப் பெற்றோம். அதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அப்பாவுக்குப் புனித சவேரியாரின் பெயர். அது நம் நாவில் சவரி ஆகும், சவேரி ஆகும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாகும். ஏட்டில் இருவேறு எழுத்துக்கூட்டல்கள் காணப்பட்டன. பங்குத் தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, 1944ஆம் ஆண்டுப் பக்கத்திலிருந்து சான்று எழுதிக் கொடுத்தார். பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அவர் கிழக்கே சென்றதற்குச் சான்று?

அதை அம்மா கொடுத்தார். “அப்பா எழுதின கடிதாசியெல்லாம் என்னிடம் இருக்கிறதே” என்று செபப் புத்தகங்களோடு வைத்திருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும். “எப்போதும் 56 என்று போடுவார். அந்த வருசம் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் வந்த கடிதாசியில் மட்டும் 99 என்று இருந்தது. எண்ணை மாற்றிப் பதில் போடச் சொல்லி எழுதியிருந்தார். அதனால் நினைவிருக்கிறது” என்றார். படைவீரர்களின் அஞ்சல் முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்பதும் 99 ஏ.பி.ஓ. என்பதும் வருவதை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். கிழக்குப் பகுதிக்குரியது 99. மங்கிய இன்லண்டு உறையின் பின்புறத்தில், அப்பாவின் கையெழுத்தில், அவர் இணைக்கப்பட்டிருந்த பிரிவின் பெயரும் அந்த எண்ணும் இருந்தன. பதினான்கு விண்ணப்பங்கள் தேடிய சான்று இத்தனை ஆண்டுகளும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நாங்கள் அம்மாவிடம் கேட்கவே இல்லை.

கேட்காதிருந்ததற்கு ஈடுசெய்வதுபோல் 2011இல் அப்பாவை அழைத்துக்கொண்டு பாலக்காட்டுக்குச் சென்றோம். அந்த வண்டியில் அவரோடு பயணம் செய்த நாயக் ஒருவர் அங்கே உயிரோடிருந்தார். பார்வை மங்கிப்போன அந்த முதியவர், குரலைக் கொண்டே அப்பாவை அடையாளம் கண்டு, மலையாளமும் இந்தியும் கலந்து பேசி, நோட்டரி முன்னிலையில் சாட்சியம் எழுதிக் கொடுத்தார். தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னபோது, “நான் சோறு தின்ற இடத்தின்மேல் வழக்கா?” என்று அப்பா மறுத்துவிட்டார். பதினைந்தாவது விண்ணப்பத்தோடு உறையின் நகலையும் சாட்சியத்தையும் இணைத்து அனுப்பினோம்.

2013 மார்ச்சில் பதில் வந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தை அனுப்பச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. நான்கு பழைய வரிகளுக்குக் கீழே, புதிய மையில் ஐந்தாவது வரி. அதன் பக்கத்தில் அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும். பதக்கம் இருப்பில் வந்ததும் அனுப்பப்படும் என்று ஒரு குறிப்பு. கடையில் அதேபோன்ற நட்சத்திரம் கிடைக்கும், வாங்கிவருகிறோம் என்றோம். “வேண்டாம். கேட்டது நட்சத்திரத்தை அல்ல” என்றார்.

புத்தகத்தை மூத்தவர் கையில் கொடுத்து, “படி” என்றார். அவர் அந்த ஒரு வரியைப் படித்தார். “இன்னொரு தடவை” என்றார். குரல் தடுமாற அவர் மீண்டும் படித்தார். அன்று இரவு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அப்பா அந்தக் கதையைத் தொடங்கினார். இம்முறை முடிவையும் சொன்னார். மூன்று நாள் கழித்து அதே வழியில் வெறும் வண்டியோடு திரும்பியிருக்கிறார். குடிசை எரிந்து கிடந்தது. மூதாட்டியைக் காணவில்லை. முறம் மட்டும் பாதி கருகி வாசலில் கிடந்தது. “சிறு பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் நிறுத்திவைத்தேன். அவள் பெயரும் எனக்குத் தெரியாது. அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் நான் ஒருவன்தான் சாட்சி. நானே அங்கே போகவில்லை என்று ஏடு சொன்னால், அவளும் இல்லை என்று ஆகிவிடுமே” என்றார்.

முப்பது ஆண்டுகள் அவர் எழுதியது தமக்காக அன்று என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அப்பா 2017இல் இறைவனடி சேர்ந்தார். நட்சத்திரம் இன்னும் வரவில்லை. ஆகஸ்டு 15 அன்று நாங்கள் பதக்கங்களைத் துடைக்கிறோம். அந்த வெற்றிடத்தையும் துடைக்கிறோம். இப்போது எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, பொரி நீட்டிய மூதாட்டியின் கதையை முடிவுவரை சொல்கிறோம்.

நம் பங்குகளில் படைப்பணி செய்து திரும்பிய பெரியவர்கள் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒருமுறை அவர்களோடு அமர்ந்து படித்துப் பாருங்கள். ஓய்வூதியம் பெறாதவர்களின் ஏடுகள் 25 ஆண்டுகளுக்குப்பின் அழிக்கப்படுவதுண்டு. ஆகையால் காலம் தாழ்த்தவேண்டாம். பழைய கடிதங்களைப் பழந்தாள் என்று எடைக்குப் போடவேண்டாம். வீட்டிலுள்ள தாய்மாரிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவர்கள் சொல்வதும் ஏடு சொல்வதும் வேறுபடுமானால், ஏட்டைச் சந்தேகிப்பதிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் அப்படித் தொடங்கவில்லை. எங்கள் இல்லத்தில் விடுபட்ட வரி அதுவே.